டொமைன் பெயர்: ஏட்டில் இருப்பது யார் பெயர்?

டொமைன் பெயரை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. விற்பனைத் தளங்கள் ‘வாங்குங்கள்’ என்றே அழைக்கின்றன. ஆனால் பணம் கட்டியவருக்குக் கிடைப்பது ஒரு பெயரைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தன் பெயரில் பதிந்து வைத்துக்கொள்ளும் உரிமை மட்டுமே. .காம், .ஆர்க் போன்ற பொதுப் பின்னொட்டுகளில் இந்தக் காலம் குறைந்தது ஓராண்டு, ஒரே தவணையில் அதிகபட்சம் பத்தாண்டு. கெடு தவறாமல் புதுப்பித்து வந்தால் எத்தனை பத்தாண்டுகள் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வைத்திருக்கலாம். பட்டா நிலத்தைவிட, நிபந்தனைகளோடு நீட்டிக்கப்படும் குத்தகைக்கே இது நெருக்கம். தகராறு வரும்போது முதலில் பார்க்கப்படுவது பணம் கட்டிய ரசீது அல்ல, ஏட்டில் பதிவுதாரராக யார் பெயர் இருக்கிறது என்பதுதான். ஆகவே பெயரைப் பதிந்து தரும் பதிவாளரைத் தேர்ந்தெடுப்பது என்பது கடையைத் தேர்ந்தெடுப்பதல்ல. அந்த ஏட்டை எழுதும் கையைத் தேர்ந்தெடுப்பது.

இந்த ஏற்பாட்டில் நான்கு படிகள் உள்ளன. உச்சியில் இருப்பது அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1998-இல் தொடங்கப்பட்ட ஐகேன் என்ற லாபநோக்கற்ற அமைப்பு. பொதுப் பின்னொட்டுகளுக்கான விதிகளை அது வகுக்கிறது. அதன் கீழ் ஒவ்வொரு பின்னொட்டுக்கும் ஒரு பதிவகம் உண்டு. .காம் பின்னொட்டின் மூல ஏட்டை வைத்திருப்பது வெரிசைன். .ஆர்க் பின்னொட்டுக்குப் பப்ளிக் இன்ட்ரஸ்ட் ரெஜிஸ்ட்ரி, .இன் பின்னொட்டுக்கு நிக்ஸி எனப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம். மூன்றாவது படியில் பதிவாளர்கள். கோடாடி, நேம்சீப், பிக்ராக் போன்ற பெயர்கள் இங்கே வருகின்றன. நான்காவது படியில் மறுவிற்பனையாளர்கள். ஊரில் ஹோஸ்டிங் விற்கும் சிறு நிறுவனங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். அவற்றுக்கு ஐகேனோடு நேரடி ஒப்பந்தம் கிடையாது. பெரிய பதிவாளர் ஒருவரின் கணினி அமைப்பைத் தங்கள் பெயர்ப்பலகையின் கீழ் அவை விற்கின்றன. வாடிக்கையாளர் பலருக்குத் தங்கள் உண்மையான பதிவாளர் யார் என்பதே தெரிந்திருப்பதில்லை.

இந்தப் பிரிவினை தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டொமைன் பெயர் அமைப்பை வடிவமைத்தபோது அது ஆய்வுக்கூடங்களுக்கான முகவரிப் புத்தகம். முதல் .காம் பெயரான சிம்பாலிக்ஸ்.காம் 1985 மார்ச் 15 அன்று பதிவானது. பத்தாண்டுக் காலம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஒப்பந்தத்தில் இந்தப் பணியைச் செய்துவந்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் 1995 செப்டம்பரில் இரண்டு ஆண்டுகளுக்கு 100 டாலர் என்று வாங்கத் தொடங்கியது. போட்டிக்கு ஆளில்லை. 1999-இல் ஐகேன் அந்த ஏகபோகத்தை உடைத்து, மூல ஏட்டை ஒருவரிடமும் விற்பனையைப் பலரிடமும் பிரித்துக் கொடுத்தது. இன்று .காம் பெயர் ஒன்றுக்கு வெரிசைனுக்குச் சேரவேண்டிய மொத்தவிலை, 2024 செப்டம்பர் 1 முதல், ஆண்டுக்கு 10.26 டாலர். எல்லாப் பதிவாளர்களுக்கும் இதே விலைதான். ஒருவர் அதைவிடக் குறைத்து விற்றால் நஷ்டத்தை வேறெங்கோ ஈடுகட்டுகிறார் என்று பொருள். அது பெரும்பாலும் இரண்டாம் ஆண்டின் புதுப்பிப்புக் கட்டணத்தில்தான்.

டொமைன் பெயர் சட்டப்படி சொத்தா, வெறும் சேவை ஒப்பந்தமா என்ற கேள்விக்கு நீதிமன்றங்கள் ஒரே பதிலைச் சொன்னதில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில உச்ச நீதிமன்றம் 2000-இல் அம்ப்ரோ வழக்கில், கடன்காரரின் டொமைன் பெயர்களை ஜப்தி செய்ய அனுமதி மறுத்தது. பதிவாளர் தரும் சேவையிலிருந்து பிரிக்க முடியாத ஒப்பந்த உரிமை அது, தனியே எடுத்து விற்கத்தக்க பொருளல்ல என்பது தீர்ப்பின் சாரம். மூன்றே ஆண்டுகளில் இன்னொரு நீதிமன்றம் வேறு பக்கம் சாய்ந்தது.

அந்த இரண்டாம் வழக்கு விரிவாகப் பார்க்கத்தக்கது. கேரி கிரெமென் என்பவர் 1994-இல், கட்டணமில்லாத காலத்தில், செக்ஸ்.காம் என்ற பெயரைத் தன் நிறுவனத்துக்காகப் பதிந்தார். அடுத்த ஆண்டு ஸ்டீபன் கோஹன் என்பவர் நெட்வொர்க் சொல்யூஷன்ஸுக்கு ஒரு போலிக் கடிதத்தைக் கொடுத்தார். கிரெமெனை நிறுவனம் நீக்கிவிட்டது, இனி இந்தப் பெயர் எங்களுக்கு வேண்டாம், கோஹனே எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த நிறுவனமே எழுதியதுபோல அது புனையப்பட்டிருந்தது. இணையத்திலேயே தொழில் நடத்துவதாகப் பெயர் வைத்துக்கொண்ட நிறுவனம், தனக்கு நேரடி இணைய இணைப்பு இல்லாததால் கோஹன் மூலம் தகவல் சொல்வதாக அதில் எழுதியிருந்தது. பதிவாளருக்கு அது விந்தையாகப் படவில்லை. கிரெமெனிடம் ஒரு வார்த்தை கேட்காமலே பெயரை மாற்றிக் கொடுத்தது.

கோஹன் அதை வைத்துப் பெரும் பணம் சம்பாதித்தார். நீதிமன்றம் 6.5 கோடி டாலர் தரச் சொன்னபோது பணத்தை வெளிநாட்டுக்குக் கடத்திவிட்டு மெக்சிகோவுக்குப் போய்விட்டார். வசூலிக்க வழியில்லாத கிரெமென் பதிவாளர் மீதே திரும்பினார். பணம் வாங்காமல் செய்த பதிவு என்பதால் ஒப்பந்தமே இல்லை என்ற பதிவாளரின் வாதத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அதோடு வழக்கு முடியவில்லை. 2003-இல் நீதிபதி அலெக்ஸ் கோஜின்ஸ்கி எழுதிய தீர்ப்பு, டொமைன் பெயர் எல்லை வரையறுக்கத்தக்கது, பிறரை விலக்கி ஒருவர் மட்டும் ஆளத்தக்கது, ஆகவே சொத்து என்றது. ஒருவரின் சொத்தைப் போலிக் கடிதத்தை நம்பி இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்தவர் அதற்குப் பொறுப்பேற்க நேரிடும் என்றும் சொன்னது. பின்னர் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அன்றைய நெட்வொர்க் சொல்யூஷன்ஸின் அலட்சியம்தான் இன்று பதிவாளர்கள் கேட்கும் அடையாளச் சான்றுகளுக்கும் மின்னஞ்சல் ஒப்புதல்களுக்கும் ஒரு காரணம் என்று சொல்லலாம்.

இந்தியாவில் டொமைன் பெயருக்கென்று தனிச் சட்டம் இல்லை. இடைவெளியை நிரப்பியது ஒரு சென்னை நிறுவனம் தொடுத்த வழக்கு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே, ‘சிஃபி’ என்று தொடங்கும் பெயர்களை 1999-இல் பதிந்திருந்தது. பிறகு வந்த வேறொரு நிறுவனம் ஓரெழுத்தைக் கூட்டி ‘சிஃபிநெட்’ என்றே ஒலிக்கும் பெயர்களைப் பதிந்தது. பெங்களூரு நகர உரிமையியல் நீதிமன்றம் தடை விதித்தது, கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 2004 மே 6 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ரூமா பால் எழுதிய தீர்ப்பு தடையை மீட்டது. டொமைன் பெயர் வெறும் முகவரி மட்டுமல்ல, வணிக அடையாளமும் கூட. ஆகவே ஒருவர் சரக்கை இன்னொருவர் சரக்காகக் காட்டி ஏமாற்றுவதற்கு எதிரான பொதுச் சட்டக் கோட்பாடு அதற்கும் பொருந்தும் என்பது அதன் முடிவு. முதலில் பதிந்தவர் என்பது மட்டுமே எப்போதும் போதாது என்பதையும் இந்தத் தீர்ப்பு சேர்த்தே சொல்கிறது.

சட்ட விவாதம் எப்படி இருந்தாலும், அன்றாடத்தில் உரிமையைத் தீர்மானிப்பது பதிவுதாரர் குறிப்பு. அதில் ஆளின் பெயருக்கு ஓரிடமும் நிறுவனத்தின் பெயருக்கு ஓரிடமும் உண்டு. நிறுவனத்துக்கான இடம் நிரப்பப்பட்டிருந்தால் நிறுவனமே பதிவுதாரர். அது காலியாக இருந்தால் ஆள்தான் பதிவுதாரர். துணிக்கடைக்கோ பள்ளிக்கோ தளம் அமைத்துத் தரும் வடிவமைப்பாளர் தன் கணக்கில், தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பெயரைப் பதிந்துவிடுவது மிகப் பரவலான வழக்கம். கெட்ட எண்ணம் இல்லாமலும் இது நடக்கும், வேலை சீக்கிரம் முடியும் என்பதற்காக. ஆண்டுதோறும் கட்டணத்தைக் கடைக்காரரே கொடுத்துவந்தாலும் ஏட்டின்படி பெயர் வடிவமைப்பாளருடையது. அவர் தொழிலை மாற்றிக்கொண்டாலோ, தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டாலோ, மனக்கசப்பு வந்தாலோ கடைக்காரருக்கு வழி அடைபடும். பதிவாளரிடம் முறையிட்டுப் பயனில்லை. தன் ஏட்டில் உள்ளவர் சொல்வதைத்தான் பதிவாளர் கேட்பார். பெயர் பதியும் நாளிலேயே பதிவுதாரர் இடத்தில் உரியவர் பெயரும், அவர் கட்டுப்பாட்டிலுள்ள மின்னஞ்சலும் இருப்பதை உறுதிசெய்வது மற்ற எல்லா முன்னெச்சரிக்கைகளையும்விட முக்கியமானது. அந்த மின்னஞ்சல் அதே டொமைனைச் சார்ந்ததாக இருக்கக் கூடாது. டொமைன் முடங்கினால் மீட்புக் கடிதம் வந்துசேர இடமிருக்காது.

பெயரை மறைத்துப் பதியும் சேவைகளில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒருவகைச் சேவை தொடர்பு விவரங்களை மட்டும் மறைக்கும், பதிவுதாரர் வாடிக்கையாளரேதான். இன்னொரு வகையில் சேவை நிறுவனமே பதிவுதாரராக நின்று, பெயரைப் பயன்படுத்தும் அனுமதியை வாடிக்கையாளருக்குத் தருகிறது. இரண்டாம் வகையில் அந்த நிறுவனத்தின் ஒப்பந்தம்தான் வாடிக்கையாளரின் ஒரே ஆதாரம். 2018 மே மாதம் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் தனிநபர் விவரங்களைப் பதிவாளர்களே பொதுப் பார்வையிலிருந்து நீக்கிவிட்டதால், இத்தகைய சேவைக்குத் தனிக்கட்டணம் கேட்பவரை இன்று சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். பதிவுதாரர் விவரங்களைக் காட்டும் பழைய ஹூயிஸ் தேடலைப் பொதுப் பின்னொட்டுகளுக்கு வழங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் 2025 ஜனவரி 28 அன்று முடிந்தது, அதனிடத்தில் ஆர்டாப் என்ற புதிய முறை வந்திருக்கிறது. .இன் பெயர்களுக்கோ மறைப்புச் சேவையே அனுமதிக்கப்படுவதில்லை.

இலவசப் பெயர்களின் கதை இதே பாடத்தின் கடைசி எல்லை. பசிபிக் தீவுக்கூட்டமான டோக்கெலாவின் .டிகே, மாலி நாட்டின் .எம்எல் உள்ளிட்ட சில பின்னொட்டுகளை ஃப்ரீநாம் என்ற நிறுவனம் பல ஆண்டுகள் இலவசமாக வழங்கியது. அங்கே பெயர் எடுத்தவர் பதிவுதாரர் அல்ல, வெறும் பயனர். சட்டப்படியான உரிமை நிறுவனத்திடமே இருந்தது. மோசடித் தளங்கள் அந்தப் பெயர்களில் மலிந்து, மெட்டா நிறுவனம் வழக்குத் தொடுத்தபின் 2023-இல் புதிய பதிவுகள் நின்றன, அடுத்த ஆண்டு ஃப்ரீநாம் இந்தத் தொழிலையே விட்டது. நேர்மையாகத் தளம் நடத்தியவர்களுக்கும் கேட்பதற்கு உரிமை ஏதுமில்லை.

காலக்கெடு தவறுவதால் பெயரை இழப்பவர்களே அதிகம். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட்.காம் பெயருக்கான 35 டாலரைக் கட்ட மறந்ததால் ஹாட்மெயில் பயனர்கள் பலர் உள்ளே நுழைய முடியாமல் தவித்தனர். லினக்ஸ் நிரலாளர் ஒருவர் தன் கையிலிருந்து பணம் கட்டிச் சேவையை மீட்டார். ஐகேன் விதிப்படி, பதிவாளர் கெடுவுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்ட வேண்டும். கெடு கடந்தபின் ஐந்து நாளுக்குள் மீண்டும் ஒருமுறை. அதன்பின் 45 நாள் வரை சலுகைக் காலம் இருக்கலாம், ஆனால் அது பதிவாளரின் விருப்பம். பெயர் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம் தொடங்கும். இதில் மீட்கக் கட்டணம் வழக்கமானதைப் போலப் பல மடங்கு. அதுவும் கடந்தால் ஐந்து நாள் காத்திருப்பு, பிறகு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். தாளில் இது தாராளமாகத் தோன்றும். ஆனால் பதிவாளர்கள் பலரின் ஒப்பந்தம் சலுகைக் காலத்திலேயே பெயரை ஏலம் விட அவர்களுக்கு இடம் தருகிறது. நல்ல பெயர் நீக்கம் வரை போவது அரிது. ஒப்பந்தத்தில் படிக்க வேண்டிய ஒரே பகுதி எதுவென்றால் இதுதான்.

ஒரு பதிவாளரிடமிருந்து இன்னொருவருக்குப் பெயரை மாற்றிக்கொள்வது பதிவுதாரரின் உரிமை. கணக்கில் பூட்டைத் திறந்து, மாற்றத்துக்கான ரகசியக் குறியீட்டைப் பெற்றுப் புதியவரிடம் கொடுக்க வேண்டும். குறியீடு கேட்டால் ஐந்து நாளுக்குள் தரவேண்டும் என்பது விதி. மாற்றத்தோடு பொதுவாக ஓராண்டு நீட்டிப்பும் சேரும். புதிதாகப் பதிந்தபின்னும், ஒருமுறை மாற்றியபின்னும் 60 நாள் வரை மறுபடி மாற்றத் தடை இருக்கும். திருடர்களுக்கு எதிரான ஏற்பாடு இது, ஆனால் திருடர்களுக்கும் காத்திருக்கத் தெரியும். பெர்ல் நிரல்மொழிச் சமூகத்தின் பெர்ல்.காம் 1994 முதல் பதிவிலிருந்த பெயர். 2021 ஜனவரி இறுதியில் அது திடீரென்று வேறோர் இடத்தைக் காட்டியது. ஆராய்ந்தபோது, கணக்கு சில மாதங்களுக்கு முன்பே ஏமாற்றிக் கைப்பற்றப்பட்டு, பெயர் ஓசையில்லாமல் வேறு பதிவாளருக்கும் பிறகு இன்னொருவருக்கும் மாற்றப்பட்டிருந்தது புலப்பட்டது. தளம் வழக்கம்போல் இயங்கியதால் யாரும் கவனிக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் பெயர் மீண்டது, உலகமறிந்த பெயர் என்பதும் அதற்குத் துணை செய்திருக்கும்.

வணிகமுத்திரை வைத்திருப்போர் தொடுக்கும் தகராறுகளுக்கு 1999 முதல் தனி வழி உண்டு. யுடிஆர்பி எனப்படும் அந்த நடைமுறையில் முறையீட்டாளர் மூன்றை நிறுவ வேண்டும்: பெயர் தன் முத்திரையோடு குழப்பம் தருமளவு ஒத்திருக்கிறது, பதிவுதாரருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்தும் பயன்படுத்தியும் வருகிறார். பதிலளிக்க 20 நாள். இழப்பீடு கிடையாது. பெயர் ரத்தாகலாம் அல்லது கைமாறலாம், அவ்வளவுதான். .இன் பெயர்களுக்கான இந்திய நடைமுறை முறையீட்டாளருக்குச் சற்று எளிது. கெட்ட எண்ணத்தோடு பதிந்ததையோ பயன்படுத்துவதையோ ஒன்றை நிறுவினால் போதும். முத்திரை பெரிதாக இருந்தாலே வெற்றி என்றில்லை. அமெரிக்காவில் ஊசி நிசான் என்பவர் 1994-இல் தன் குடும்பப் பெயரிலேயே நிசான்.காம் பதிந்து கணினி வியாபாரம் செய்தார். 1999-இல் கார் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. பல ஆண்டு வழக்காடி, கார் விளம்பரம் வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு பெயரை அவர் காப்பாற்றிக்கொண்டார். செலவுதான் அவரை வாட்டியது.

இதுவரை சொன்ன ஐகேன் விதிகள் இரண்டெழுத்து நாட்டுப் பின்னொட்டுகளைக் கட்டுப்படுத்தா. அங்கே அந்தந்த நாட்டின் பதிவகம் வைத்ததே சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியதும் அங்கு வசித்தவர்களில் ஒன்றியக் குடியுரிமை இல்லாதோர் .இயூ பெயர்களை வைத்திருக்கும் தகுதியை இழந்தனர், ஒழுங்காகப் பணம் கட்டிவந்தவர்களின் பெயர்களும் முடக்கப்பட்டன. .காம் பெயருக்கு வேறு வகை ஆபத்து. 2012-இல் போடாக்.காம் என்ற சூதாட்டத் தளத்தின் பெயரை அமெரிக்க அதிகாரிகள் கைப்பற்றியபோது, அதன் பதிவாளர் கனடாவில் இருந்தார். ஆணை போனது அவருக்கல்ல, அமெரிக்காவிலுள்ள வெரிசைனுக்கு. பதிவகத்தைப் பதிவுதாரர் மாற்ற முடியாது, பின்னொட்டைத் தேர்வதே அதைத் தேர்வதாகும். தமிழ் எழுத்திலேயே அமைந்த .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய மூன்றும் அந்தந்த நாட்டு விதிகளுக்கே உட்பட்டவை. அவற்றை எல்லாப் பதிவாளர்களும் விற்பதில்லை.

பதிவாளரைத் தேரும்போது முதலில் பார்க்க வேண்டியது அங்கீகாரம். பொதுப் பின்னொட்டு என்றால் ஐகேன் பட்டியலிலும், .இன் என்றால் நிக்ஸி பட்டியலிலும் பெயர் இருக்கிறதா என்று நொடியில் பார்த்துவிடலாம். அங்கீகாரம் மட்டுமே போதாது என்பதற்கு ரெஜிஸ்டர்ஃப்ளை சாட்சி. உட்பூசலில் சிதைந்த அந்த அமெரிக்கப் பதிவாளரின் அங்கீகாரத்தை ஐகேன் 2007-இல் ரத்து செய்தது. அதனிடமிருந்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் கோடாடியிடம் ஒப்படைக்கப்பட்டன, இடைப்பட்ட மாதங்களில் பெயரை இழந்தவர்கள் பலர். பதிவாளர்கள் தங்கள் தரவின் நகலை மூன்றாம் தரப்பிடம் வைக்கும் ஏற்பாடு அதன்பின்தான் இறுகியது. பெரிய பெயரும் நிரந்தரமல்ல. 2023-இல் கூகிள் தன் டொமைன் வியாபாரத்தை, சுமார் ஒரு கோடிப் பெயர்களோடு, ஸ்கொயர்ஸ்பேஸுக்கு விற்றது. கூகிளைத் தேர்ந்தவர்கள் ஒருநாள் வேறொருவரின் வாடிக்கையாளராயினர்.

விலையில் பார்க்க வேண்டியது முதலாண்டுத் தள்ளுபடி அல்ல, புதுப்பிப்பு விலையும் மீட்புக் கட்டணமும். மொத்தவிலைக்கே தரும் கிளவுட்ஃபிளேர் போன்றவரும் உண்டு, ஆனால் அங்கே பெயரைத் தளத்தின் முகவரியோடு இணைக்கும் பெயர் வழங்கிகளும் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும். மலிவுக்கு அது நியாயமான விலையா என்பது தேவையைப் பொறுத்தது. இருபடி உள்நுழைவு இல்லாத பதிவாளரை இன்று தவிர்ப்பதே சரி. வங்கி, செய்தித்தாள் போன்ற பெரிய நிறுவனங்கள் பதிவகப் பூட்டு தருபவரை நாட வேண்டும். அந்தப் பூட்டை இணையக் கணக்கிலிருந்து மட்டும் திறக்க முடியாது, உரிய ஆள் தனியே தன் அடையாளத்தை உறுதிப்படுத்தியாக வேண்டும். ஹோஸ்டிங்கும் டொமைனும் ஒரே இடத்தில் இருப்பது வசதிதான். ஹோஸ்டிங் பில்லில் தகராறு வந்தால் டொமைனும் பணயமாகிவிடும் என்பதால் பிரித்து வைப்பது நல்லது.

பதிந்தபின் பதிவுதாரருக்கும் கடமைகள் உண்டு. மின்னஞ்சலைச் சரிபார்க்கும் கடிதத்துக்கு 15 நாளுக்குள் பதிலளிக்காவிட்டால் பெயர் முடக்கப்படலாம். வேண்டுமென்றே பொய் விவரம் தந்தால் ரத்தாகலாம். பதிவுதாரர் இறந்தால் வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் கேட்டு, ஒவ்வொரு பதிவாளரும் தத்தம் நடைமுறைப்படி பெயரை மாற்றித் தருவார். அதற்குள் கெடு முடிந்துவிட்டால் காத்திருக்க மாட்டார். கணக்கின் விவரமும் புதுப்பிப்பு நாளும் குடும்பத்தில் இன்னொருவருக்கோ நிறுவனக் கணக்கருக்கோ எழுத்தில் இருந்தால், சான்றுகள் கைக்கு வரும்வரை கட்டணத்தையாவது கட்டிக்கொண்டிருக்கலாம். பாஸ்போர்ட்.காம் காட்டியதுபோல, புதுப்பிப்புப் பணத்தை வேறொருவர் கட்டினாலும் பெயர் பதிவுதாரருடையதாகவே இருக்கும்.